நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், நெய்வேலியிலும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மண்ணுக்கடியில் அடுக்காகப் படிந்துள்ள எரிபொருளாகும். இது லிக்னைட் என்றும் அழைக்கப்படுகிறது. 1962ஆம் ஆண்டு முதல் இதனை எரித்து மின்சாரம் தயாரிக்கப்பட்டு வருகிறது. எல்லா நிலக்கரி வகைகளையும் போலவே இதுவும் புதுப்பிக்க இயலாத ஆற்றல் மூலமாகும். ஒருமுறை தோண்டி எரித்துவிட்டால், மனிதர்கள் கணக்கிடக்கூடிய காலத்திற்குள் அது மீண்டும் உருவாகாது.

ஒரு நாட்டின் நிலக்கரி எப்போது தீரும் என்பது பூமிக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அதன் மேலே உள்ள மண், நீர், வயல், ஊர் ஆகியவற்றில் எவற்றை இழக்க மக்கள் ஒப்புவார்கள் என்பதையும் பொறுத்தது. நெய்வேலியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

புதுப்பிக்க இயலாமை என்பதன் பொருள்

ஆற்றல் மூலங்களை இரண்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர் போன்றவை பயன்படுத்தப் பயன்படுத்த மீண்டும் கிடைப்பவை. இவை புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்கள். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவை செலவழித்தால் குறைந்துகொண்டே போகும். இவை புதுப்பிக்க இயலாத ஆற்றல் மூலங்கள்.

நிலக்கரியும் மரத்திலிருந்து வந்ததுதானே, மரம் மீண்டும் வளர்கிறதே என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவதுண்டு. இங்கே வேறுபாடு வேகத்தில் உள்ளது. வெட்டிய விறகுக்கு ஈடான மரம் சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும். நிலக்கரி உருவாவதற்கோ பல இலட்சம் ஆண்டுகள் முதல் பல கோடி ஆண்டுகள் வரை ஆகும். இயற்கையில் இன்றும் சில சதுப்பு நிலங்களில் நிலக்கரியின் முதல் நிலை உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. எனினும் எரிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்த வரவு ஒரு பொருட்டே அன்று.

நிலக்கரி உருவாகும் முறை

சதுப்பு நிலத்தில் செடி, கொடி, மரங்கள் மடிந்து நீருக்குள் விழுகின்றன. அங்கே ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அவை முழுமையாக மட்கிப் போவதில்லை. பாதி மட்கிய இந்தப் பொருள் பீட் எனப்படுகிறது. இதன் மேல் மணலும் களிமண்ணும் படியப் படிய, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நீர் வெளியேறிக் கார்பனின் பங்கு கூடுகிறது. இந்த மாற்றம் எவ்வளவு தூரம் நடந்துள்ளது என்பதைக் கொண்டு நிலக்கரி வகைப்படுத்தப்படுகிறது.

- பீட்: முதல் நிலை. ஈரம் மிக அதிகம். தாவர இழைகளைக் கண்ணாலேயே காணலாம்.
- லிக்னைட்: பழுப்பு நிறம் கொண்டது. ஈரம் அதிகம், வெப்பத் திறன் குறைவு.
- பிட்டுமினஸ்: கறுப்பு நிறம் கொண்டது. அனல் மின் நிலையங்களிலும் எஃகு ஆலைகளிலும் பெரிதும் பயன்படுவது.
- ஆந்த்ரசைட்: கடினமானது, பளபளப்பானது. கார்பனின் பங்கு மிக அதிகம்.

சதுப்பு நிலத்தில் பீட் சேரும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. 10 மீட்டர் தடிப்புள்ள ஒரு லிக்னைட் அடுக்கு, அழுந்துவதற்கு முன் பல பத்து மீட்டர் பீட்டாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பீட் சேர்வதற்கே பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். அது புதைந்து லிக்னைட்டாக மாறிய காலம் அதைவிடப் பன்மடங்கு நீண்டது.

இந்தியாவின் நிலக்கரி இருப்பில் மிகப் பெரும் பகுதி கோண்டுவானா படிவுகளைச் சேர்ந்த கறுப்பு நிலக்கரியாகும். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் இது கிடைக்கிறது. இது 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காடுகளின் எச்சம். நெய்வேலி லிக்னைட் அதைவிட மிகவும் இளையது. இது மயோசீன் எனப்படும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்னரோ படிந்ததாகக் கொள்ளப்படுகிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் காணப்படும் கல்மரங்களும் இதே கடலூர் மணற்கல் தொகுதியைச் சேர்ந்தவை. திருவக்கரையில் மரங்களுக்குள் சிலிகா புகுந்து அவற்றைக் கல்லாக்கியது. நெய்வேலியில் சதுப்பில் புதைந்த தாவரங்கள் எரிபொருளாயின.

கண்டுபிடிப்பும் தொடக்கமும்

1930களில் நெய்வேலிப் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, நீருடன் கரிய நிறப் பொருள் ஒன்று வெளிவந்தது. அதனை அவர் அன்றைய ஆங்கிலேய அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்து, நிலத்தடியில் லிக்னைட் இருப்பதை உறுதிசெய்தது. சுரங்கத் திட்டத்திற்காக முதலியார் தமது நிலத்தையும் வழங்கினார்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னை மாநிலம் கடும் எரிபொருள் பற்றாக்குறையில் இருந்தது. கறுப்பு நிலக்கரி வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தது. ஆகவே உள்ளூரிலேயே கிடைக்கும் எரிபொருள் பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கியது. முதலமைச்சர் காமராசர் இத்திட்டத்தில் மிகுந்த அக்கறை காட்டினார். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற பொதுத்துறை நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் லிக்னைட் அடுக்கு முதன்முறையாக வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்நிறுவனத்தின் பெயர் 2016இல் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது.

தொடக்கத்தில் நெய்வேலியின் நோக்கம் மின்சாரம் மட்டுமன்று. லிக்னைட்டைக் கொண்டு யூரியா உரம் தயாரிக்கப்பட்டது. லிக்னைட்டைப் பொடித்துக் கட்டியாக்கிக் கரியாக்கிய லெக்கோ என்ற எரிபொருள், சமையல் எரிவாயு பரவலாவதற்கு முன் தமிழ்நாட்டின் பல வீடுகளில் அடுப்பெரித்தது. இந்த ஆலைகள் பின்னர் மூடப்பட்டன.

தோண்டும் முறை

நெய்வேலியில் லிக்னைட் அடுக்கு தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 முதல் 100 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதன் தடிப்பு சில இடங்களில் 20 மீட்டர் வரை இருக்கும். சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் குடைந்து செல்லும் பாதைகள் நினைவுக்கு வரலாம். நெய்வேலியில் உள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். மேலே உள்ள மண் முழுவதையும் அகற்றிவிட்டே லிக்னைட் எடுக்கப்படுகிறது.

விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்ட மாபெரும் சக்கரங்களைக் கொண்ட ஜெர்மன் வகை இயந்திரங்கள் இதற்குப் பயன்படுகின்றன. சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு வாளியும் மண்ணை வாரி எடுத்துக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டுகிறது. மேல்மண் ஒருபுறமும் லிக்னைட் மறுபுறமும் பெல்ட்டுகளிலேயே பயணம் செய்கின்றன. ஒரு டன் லிக்னைட் எடுக்க 5 கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. எடையில் இது ஏறத்தாழ 10 டன் ஆகும். லிக்னைட் எடுத்து முடிந்த பள்ளத்தில் இந்த மண் மீண்டும் நிரப்பப்படுகிறது.

நெய்வேலிச் சுரங்கத்தின் பெரிய சவால் நீர். லிக்னைட் அடுக்குக்குக் கீழே அழுத்தத்துடன் கூடிய நிலத்தடி நீர்த்தேக்கம் உள்ளது. இது ஆர்ட்டீசியன் வகையைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டினால் இறைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்ததற்கு இதுவே காரணம். மேலே உள்ள மண்ணின் பாரத்தை அகற்றிவிட்டால், கீழிருக்கும் நீர் சுரங்கத்தின் அடித்தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் இந்த இறைப்பை நிறுத்த முடியாது.

சுரங்கங்களும் மின் நிலையங்களும்

நெய்வேலியில் மூன்று சுரங்கங்கள் உள்ளன. அவற்றின் ஆண்டு உற்பத்தித் திறன் வருமாறு:

- முதல் சுரங்கம்: 105 இலட்சம் டன்
- சுரங்கம் 1ஏ: 30 இலட்சம் டன்
- இரண்டாம் சுரங்கம்: 150 இலட்சம் டன்

வெட்டி எடுத்த லிக்னைட்டை நெடுநாள் குவித்து வைக்க இயலாது. காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்பு அதற்கு உண்டு. மேலும் அதன் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அதனைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது தண்ணீருக்கு வாடகை கொடுப்பது போன்றது. இக்காரணங்களால் சுரங்கத்தின் அருகிலேயே மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல் மின் நிலையங்களுக்கு வெளியிலிருந்து கறுப்பு நிலக்கரி வந்து சேர வேண்டும். நெய்வேலியில் எரிபொருள் அங்கேயே எரிகிறது. மின்சாரம் மட்டும் கம்பி வழியே தமிழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கிறது.

600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல் மின் நிலையம் 58 ஆண்டுகள் இயங்கி 2020இல் மூடப்பட்டது. 1,470 மெகாவாட் திறன் கொண்ட இரண்டாம் அனல் மின் நிலையமும், 420 மெகாவாட் திறன் கொண்ட முதல் நிலைய விரிவாக்கமும் அதன்பின் அமைந்தவை. முதல் நிலையத்துக்கு மாற்றாக 1,000 மெகாவாட் திறன் கொண்ட புதிய நிலையம் கட்டப்பட்டது. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர்.

ஒரு யூனிட் மின்சாரத்தின் கணக்கு

ஒரு கிலோ நெய்வேலி லிக்னைட் எரிந்தால் ஏறத்தாழ 2,600 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். அதிலுள்ள ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிறது. எஞ்சிய வெப்பத்திலும் ஒரு பகுதி மட்டுமே மின்சாரமாக மாறுகிறது. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ லிக்னைட் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அந்த 100 யூனிட்டும் நெய்வேலியிலிருந்து வருவதாகக் கொண்டால், அதற்கு ஏறத்தாழ 100 கிலோ லிக்னைட் எரிய வேண்டும். அதை எடுக்க ஒரு டன் மண் அகற்றப்பட வேண்டும். எரிந்த பின் 100 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். எரித்த பொருளைவிட வெளிவரும் வாயுவின் எடை கூடுதலாக இருப்பது வியப்பளிக்கலாம். கார்பன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதே இதற்குக் காரணம். மின் கட்டண அட்டையில் இந்தக் கணக்கு எதுவும் இடம்பெறுவதில்லை.

வளமும் இருப்பும்

நிலக்கரியைப் பற்றிய புள்ளிவிவரங்களில் வளம், இருப்பு என்ற இரண்டு சொற்கள் வரும். இவற்றை வேறுபடுத்தி அறிவது தேவை. பூமிக்கடியில் உள்ளதாக மதிப்பிடப்படும் மொத்த அளவு வளம். அதில் இன்றைய தொழில்நுட்பத்தைக் கொண்டு, கட்டுப்படியாகும் செலவில், சட்டம் இடங்கொடுக்கும் வகையில் எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே இருப்பு.

இந்தியாவின் லிக்னைட் வளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டில் உள்ளது. இதில் பெரும் பகுதி நெய்வேலியில் அன்றி, காவிரிப் படுகையில் மன்னார்குடிப் பகுதியின் அடியில் கிடக்கிறது. அது மிக ஆழத்தில் உள்ளது. அதன் மேலே நெல் வயல்கள் உள்ளன. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகைப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பகுதிகள் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே ஏப்ரலில் அப்பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

அந்த மூன்று இடங்களிலும் லிக்னைட் இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு டன் கூடக் குறையவில்லை. ஆனால் எடுக்கக்கூடியது என்ற கணக்கிலிருந்து அது விலகிவிட்டது. நிலக்கரி தீர்ந்துபோவதற்கு முன்பே கைக்கெட்டாமல் போகக்கூடும் என்பதற்கு இது சான்று.

நிலமும் மக்களும்

திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓரிடத்தில் லிக்னைட் முடிந்ததும் அடுத்த நிலத்தை நோக்கி நகர்கிறது. நெய்வேலி உருவானபோது பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. தொடக்க காலத்தில் நிலம் கொடுத்த குடும்பங்கள் பலவற்றுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மருத்துவமனை, பள்ளிகள், அகன்ற சாலைகள் கொண்ட நகரியம் எழுந்தது. பிற்காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கை கூடியது. நிலத்துக்கு ஈடாக நிரந்தர வேலையும் கூடுதல் இழப்பீடும் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக நீடிக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்ப் பணி தொடங்கியது. நெற்பயிர் நின்ற வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாம் என அறிவிக்கப்பட்டிருந்தது என நிறுவனத் தரப்பு கூறியது. கதிர் முற்றி அறுவடை முடியும்வரை காத்திருக்கக் கூடாதா என உழவர்கள் கேட்டனர். வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், அழிந்த பயிருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நீரைப் பொறுத்தவரை நிலைமை இருபுறமும் கூர்மையானது. தொடர்ந்த இறைப்பால் சுற்றுவட்டாரத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றுபோயின. கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்த வேண்டியதாயிற்று. மறுபுறம், சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றுக்குச் சென்று பல ஊர்களின் பாசனத்துக்கு உதவுகிறது. சுரங்கம் மூடப்படும் நாளில் இந்த நீர்வரத்தும் நின்றுவிடும்.

பள்ளத்தை நிரப்பிய மண்ணில் மரங்கள் வளர்க்கப்படுகின்றன. சில பகுதிகளில் பயிரும் செய்யப்படுகிறது. ஆயினும் அடியிலிருந்து வந்த மணலும் களிமண்ணும் கலந்த நிலம், பல தலைமுறைகள் உரமிட்டு உழுத வயலுக்கு உடனே ஈடாகாது. மேல்மண் உருவாவதும் நூற்றாண்டுக் கணக்கில் நடப்பதே. லிக்னைட்டுடன் சேர்ந்து, எளிதில் மீளாத வேறு செல்வங்களும் செலவாகின்றன.

மாற்று ஆற்றலும் எதிர்காலமும்

2024–25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. 2070க்குள் நிகர கார்பன் உமிழ்வைச் சுழியமாக்குவது என்ற இலக்கை இந்தியா 2021இல் அறிவித்துள்ளது. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடப்பதே அடுத்த தலைமுறையின் பணி.

தமிழ்நாட்டில் முப்பந்தல் காற்றாலைகளும் கமுதி சூரிய மின் நிலையமும் நன்கு அறியப்பட்டவை. என்.எல்.சி. நிறுவனமே சூரிய மின் நிலையங்களை அமைத்துள்ளது. ஆனால் சூரிய ஒளி மாலையில் மறைகிறது. காற்று பெரிதும் மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தை நம்பியுள்ளது. இரவில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில் அனல் மின் நிலையங்களே கைகொடுக்கின்றன. மின்கலங்களிலும் நீரேற்று மின் நிலையங்களிலும் மின்சாரத்தைச் சேமிக்கும் வசதி பெருகினால்தான் இந்தச் சார்பு குறையும்.

நெய்வேலியில் எஞ்சியுள்ள லிக்னைட்டை மெதுவாகச் செலவழிப்பதால் அது புதுப்பிக்கத்தக்கதாகிவிடாது. மாற்று வழிகளைக் கட்டியெழுப்புவதற்கான கால அவகாசம் மட்டுமே கிடைக்கும். அந்த அவகாசத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேறு வேலை, தோண்டிய நிலத்துக்குச் சீரமைப்பு, சுரங்க நீரை நம்பிய ஏரிகளுக்கு வேறு நீர்வரத்து ஆகியவற்றுக்கும் திட்டமிட வேண்டியுள்ளது. சுரங்கம் மூடப்படும் நாள் வரை தள்ளிப்போட்டால், இவற்றைத் தொடங்கவே காலம் போதாது.